பத்தடிக் கூரைக்குக் கீழே ஒரு டன்

கையால் செயினை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் வாங்கப் போனால் கடையில் முதல் கேள்வி, "எத்தனை டன் சார்?" அடுத்த கேள்வி, "லிஃப்ட் எவ்வளவு, மூணு மீட்டரா?" இரண்டுக்கும் சரியாகவே பதில் சொல்லி, ஒரு டன் பிளாக்கைக் கொண்டுவந்து மாட்டிவிடலாம். கியர் பாக்ஸும் தரையை விட்டு ஜோராகக் கிளம்பும். லாரித் தட்டுக்கு நாலு இஞ்சு கீழே வந்ததும் அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் கொக்கி மேலே போய் பிளாக்கின் வயிற்றில் முட்டிவிட்டது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருந்தது, அதைக் கடைக்காரரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை: கொக்கி முழுக்க மேலே ஏறிய பிறகு, இந்தச் சாமான் தனக்கென்று எவ்வளவு உயரத்தைச் சாப்பிடும்?

கேட்டலாக்கில் அதற்கு ஹெட்ரூம் என்று பெயர். தனி பிளாக்குக்கு மேல் கொக்கியின் உள்வளைவிலிருந்து கீழ்க் கொக்கியின் உள்வளைவு வரை. பீமில் உருளும் டிராலியோடு சேர்ந்த பிளாக்குக்கு ஐ-பீமின் (ஆங்கில I வடிவ இரும்பு பீம்) அடிப்பலகையிலிருந்து கீழ்க் கொக்கியின் உள்வளைவு வரை. கை செயின் பிளாக்கில் இது ஒரு டன்னுக்கு 300 மி.மீ. சுற்று வட்டாரத்தில் இருக்கும், மூன்று டன்னுக்கு அரை மீட்டரை நெருங்கும், ஐந்து டன்னுக்கு அதையும் தாண்டும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு டன் வேலைக்கு மூன்று டன் பிளாக் வாங்குகிறவர் பணத்தோடு அரை அடி உயரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறார். உயரமான ஷெட்டில் அது யாருக்கும் தெரியாது. பத்தடித் தளத்துக்குக் கீழே வேலையே நின்றுபோகும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் பக்கம் பட்டறைகள் பல, பட்டறைக்கென்று கட்டிய கட்டடத்தில் இல்லை. ரோட்டைப் பார்த்து ஷட்டர் போட்ட கடை, வீட்டின் முன்பக்கம், மரத் தூலம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ், இல்லையென்றால் ஓரத்தில் பத்தடி மட்டுமே இருக்கும் ஏ.சி. ஷீட் கொட்டகை. உள்ளே வருகிற சாமான் மட்டும் சின்னதில்லை. தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) டிரம்மின் பினியன் ஷாஃப்ட், ஷேவிங் மெஷின் ரோலர், கியர் பாக்ஸ், முப்பது ஹெச்.பி. மோட்டார், பெங்களூர் ரோட்டில் படுத்துவிட்ட லாரியின் எஞ்சின். ராணிப்பேட்டை பெல் (பி.ஹெச்.இ.எல்.) ஆலைக்கு ஜாப் செய்கிற பெரிய ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளில் ஓவர்ஹெட் கிரேன் ஓடுகிறது, அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. இது தலைக்கு மேல் ஃபேன் சுற்றும் பட்டறைக்கு.

முதலில் அளவு டேப், பிறகு கடை

கணக்கைத் தரையிலிருந்தும் போட வேண்டும், கூரையிலிருந்தும் போட வேண்டும். நடுவில் இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் கேள்வி. ஒரு உதாரணத்தை முழுதாகவே பார்த்துவிடலாம்.

தரையிலிருந்து தளத்தின் அடி வரை 3050 மி.மீ., அதாவது பத்தடி. தளத்துக்குக் கீழே கான்கிரீட் பீம் 300 மி.மீ. இறங்கியிருக்கிறது. அதற்கு அடியில் 20 மி.மீ. இடைவெளி விட்டு 200 மி.மீ. உயரமுள்ள ஐ-பீம். இப்போது ஐ-பீமின் அடி 2530 மி.மீ.க்கு வந்துவிட்டது. அதில் சாதாரண தள்ளு டிராலி, அதன் கண்ணில் ஒரு டன் பிளாக். இரண்டும் சேர்ந்து 420 மி.மீ. கொக்கியின் உச்ச நிலை 2110.

இனி கீழிருந்து. லாரித் தட்டு 1000 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தட்டின் மேல் கைவிட்டு கட்டை வைக்க 100. கியர் பாக்ஸ் உயரம் 600. அதன் மேல் 600 மி.மீ. தள்ளித் தள்ளி இரண்டு ஐ-போல்ட், அதாவது தலையில் வளையமுள்ள போல்ட். தூக்கு பெல்ட்டின் இரண்டு காலுக்கும் நடுவில் 60 டிகிரி இருக்கும்படி கட்டினால் கொக்கி வரை 520. கூட்டினால் 2220. இருப்பதோ 2110. நாலு இஞ்சுக்கும் கொஞ்சம் கூடவே குறைகிறது.

அந்த 110 மி.மீ.யை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை புத்தி மாறுகிறது. அநேகம் பேர் எடுக்கிற வழி, பெல்ட்டை ஒரு சுற்று சுற்றிக் குட்டையாக்குவது. காசு செலவில்லை, ஒரு நிமிஷ வேலை. இருப்பதிலேயே மோசமான வழியும் இதுதான்.

பெல்ட்டைக் குட்டையாக்கினால் என்ன ஆகிறது

கியர் பாக்ஸ் 500 கிலோ. இரண்டு காலும் நேர் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றிலும் 250 கிலோ. நடுக்கோணம் 60 டிகிரி ஆனால் ஒரு காலில் 290. 90 டிகிரியில் 355. 120 டிகிரியில் 500, அதாவது ஒவ்வொரு காலும் முழு எடையையும் தனியாகத் தூக்குகிறது. அதே 600 மி.மீ. இடைவெளிக்கு 60 டிகிரியில் 520 மி.மீ. உயரம் வேண்டும், 90-இல் 300 போதும், 120-இல் 173 போதும். உயரம் மிச்சமாகிறதே என்று பார்த்தால், மிச்சமான ஒவ்வொரு இஞ்சுக்கும் பெல்ட்டிடமிருந்து வட்டி வசூலாகிறது.

பெல்ட்டாவது தாங்கும். முதலில் போவது ஐ-போல்ட்தான். டின் 580 என்ற ஜெர்மன் தரத்து எம்12 ஐ-போல்ட்டை நேர் மேலே இழுத்தால் 340 கிலோ வரை போகலாம். 45 டிகிரி சாய்த்து இரண்டு காலில் இழுத்தால் ஒரு போல்ட்டுக்கு 240 கிலோதான். நம் கியர் பாக்ஸை 90 டிகிரிக் கோணத்தில் தூக்கினால் காலுக்கு 355 வருகிறது. ஆக எம்12 அங்கே பொருந்தாது. எம்16 என்றால் நேராக 700, சாய்வில் 500. அது பிழைக்கும், ஆனால் கழுத்துப்பட்டை முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், வளையத்தின் தளம் பெல்ட் இழுக்கும் திசையிலேயே இருக்க வேண்டும். வளையம் குறுக்கே நின்றால் ஷிம் வாஷர் போட்டுத் திருப்பி உட்கார வையுங்கள். ஒரு மரை லூஸ் பண்ணித் திருப்பினால் பட்டை காற்றில் நிற்கும், வளைக்கும் பாரம் முழுவதும் மரையின் முதல் பல்லில் விழும். மோட்டார் தலையில் கம்பெனி போட்டுத் தருகிற ஒற்றை ஐ-போல்ட் நேர் தூக்குக்கு மட்டும். அதுவும் மோட்டாரை மட்டும் தூக்க. கூடவே பம்பையும் பேஸ் பிளேட்டையும் தூக்க அல்ல.

இதற்குச் சரியான மாற்று ஒரு குட்டைத் தூக்குச் சட்டம். 75 மி.மீ. சேனல் இரண்டை முதுகோடு முதுகாக, நடுவில் ஒரு பிளேட் தடிப்பு விட்டு, 700 மி.மீ. நீளத்தில் சேர்த்தால் போதும். மேலே நடுவில் ஒரு காது, கீழே 600 மி.மீ. இடைவெளியில் இரண்டு காது, அவற்றில் டி-ஷாக்கிள், ஷாக்கிளிலிருந்து நேரே ஐ-போல்ட்டுக்கு. மொத்த உயரம் 220 மி.மீ.க்குள் முடித்துவிடலாம். 520 இருந்த இடத்தில் 220. நம் கணக்கில் 110 குறைந்தது போக இப்போது 190 மிச்சம். ஐ-போல்ட்டும் நேர் இழுப்புக்கு வந்துவிட்டது. மேல் காதில் நடு ஓட்டையோடு இருபுறமும் 40 மி.மீ. தள்ளி இன்னும் இரண்டு ஓட்டை போட்டு வைத்தால், எடை ஒரு பக்கம் சாய்ந்த கியர் பாக்ஸையும் மட்டமாகத் தூக்கலாம். காது வெல்டிங் மட்டும் தெரிந்த வெல்டர் கையில் நடக்கட்டும், சுமந்து பார்த்த பிறகே வேலைக்கு வரட்டும். சேனலில் எத்தனை கிலோ என்று பெயின்ட்டால் எழுதுங்கள். எழுதாத சட்டத்தில் நாளைக்கு யாராவது இரண்டு டன் மாட்டுவார்கள்.

தாழ்ந்த கூரைப் பட்டறைக்குச் செலவழிக்கிற முதல் ரூபாய் இந்தச் சட்டத்துக்கே போக வேண்டும், ஹாய்ஸ்ட்டுக்கு இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பீமை எங்கே போடுவது

கூரைக் கான்கிரீட் பீமுக்குக் குறுக்கே ஐ-பீம் போட்டால் அந்த 300 மி.மீ. போனது போனதுதான். அதையே கான்கிரீட் பீமுக்கு இணையாக, இரண்டு பீமுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்துக்குள் ஓட்டினால் ஐ-பீம் தளத்தை ஒட்டிப் போய்விடும். ஒரு அடி சும்மா கிடைக்கிறது. இதற்காக லேத்தைத் திருப்பிப் போட வேண்டி வந்தாலும் திருப்பிப் போடுங்கள்.

தளத்தில் தொங்கவிடலாமா? கூடாது. சாதாரணத் தளம் நாலு, நாலரை, ஐந்து இஞ்சு கான்கிரீட். ஒரே புள்ளியில் ஒரு டன் தொங்குவதற்காக யாரும் அதில் கம்பி கட்டவில்லை. ஃபேன் கொக்கியில் செயின் பிளாக் மாட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஃபேன் எடை ஐந்தாறு கிலோ, அந்தக் கொக்கி அதற்கு வைத்தது. மெட்ராஸ் டெரஸ் தூலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், சுவருக்குள் புதைந்த முனையைக் கரையான் தின்றிருந்தாலும் வெளியே தெரியாது. தோல் ஷாப்பு வளாகத்துக்குள் இருக்கும் பட்டறை என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பச்சைத் தோலுக்குப் போடும் உப்பு காற்றிலும் தரை நீரிலும் கலந்து கான்கிரீட்டுக்குள் இறங்கி கம்பியைத் துருவாக்கும். தளத்தின் அடியில் நீளவாக்கில் விரிசலோ, தட்டினால் பொள்ளென்ற சத்தமோ இருந்தால், அங்கே ஆங்கர் போல்ட் அடிக்க டிரில்லையே எடுக்காதீர்கள்.

அதனால் தரையில் நிற்கிற சட்டம்: இரண்டு பக்கமும் தூண், மேலே ஐ-பீம், கட்டடத்தைத் தொடாமல். ஒரு டன் வேலைக்கு 100 x 100 x 5 மி.மீ. சதுரக் குழாய்த் தூண், அடியில் 250 x 250 x 16 மி.மீ. பிளேட், தூணுக்கு நாலு எம்16 கெமிக்கல் ஆங்கர், கீழே குறைந்தது ஆறு இஞ்சு நல்ல கான்கிரீட் என்பது பொதுவாகப் பேச்சைத் தொடங்குகிற அளவு. இறுதி அளவைக் கட்டட எஞ்சினியர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பீமைத் தூணின் தலையில் உட்கார வைக்காமல், முனையில் பிளேட் வைத்து இரண்டு தூணுக்கு நடுவில் போல்ட் போட்டால் தூணின் தலைப் பிளேட்டுக்கும் அதன் போல்ட்டுக்கும் போகிற உயரம் மிச்சம். ஆனால் பீமை நடுவில் நுழைக்க இரு முனையிலும் மூன்று நான்கு மி.மீ. சந்து விட்டு வெட்ட வேண்டும், பிறகு ஷிம் போட்டு இறுக்க வேண்டும். சரியான அளவுக்கு வெட்டிவிட்டுச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் தூண் வெளியே சாயும், ஆங்கர் அன்றைக்கே லூஸாகும்.

பீம் அளவில் உயரம் மிச்சம் பிடிக்கலாம் என்று 200-க்குப் பதில் 150 போடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூண் இடைவெளி 4 மீட்டர், ஒரு டன் சுமை, டிராலியும் பிளாக்கும் 60 கிலோ. ஐ.எஸ்.எம்.பி. 150 (இந்தியத் தர அளவில் வரும் 150 மி.மீ. ஐ-பீம்) உடையாது; நடுவில் ஏறத்தாழ 9.5 மி.மீ. தொய்யும். கையால் இயக்கும் கிரேன் பீமுக்கு ஐ.எஸ். 800 என்ற இந்திய இரும்புக் கட்டுமானத் தரம் விடும் அளவு, நீளத்தில் 500-இல் ஒரு பங்கு. இங்கே 8 மி.மீ. அதைத் தாண்டிவிட்டது. தாண்டினால் என்ன? சுமையோடு டிராலியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது தானே நடுவுக்கு உருண்டு வரும். லேத் சக்கில் ஷாஃப்ட்டை நுழைக்கும்போது இப்படி அரை இஞ்சு ஓடினால் விரல் போகும். ஐ.எஸ்.எம்.பி. 200 என்றால் தொய்வு 3 மி.மீ. சொச்சம்தான், 4 மீட்டருக்கு சுமார் 40 கிலோ இரும்பு கூடும். இன்னொரு வழி, தூணை உள்ளே தள்ளி இடைவெளியை 3 மீட்டராக்குவது. அப்போது 150 பீமே 4 மி.மீ. அளவில் நின்றுவிடும், அனுமதி 6. ஒரு மீட்டர் அகலத்தைக் கொடுத்து இரண்டு இஞ்சு உயரம் வாங்கியாயிற்று. லேத் தலைப்பக்கத்துக்கு மட்டும் தூக்கினால் போதும் என்கிற பட்டறைக்கு இது லாபமான பேரம்.

தூக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான், பக்கவாட்டில் ஓட்ட வேண்டியதில்லை என்றால் ஐ-பீமே வேண்டாம். 150 மி.மீ. சேனல் இரண்டை இடைவெளி விட்டு நிறுத்தி, நடுவே குறுக்கு பின் ஒன்று போட்டு அதில் பிளாக்கின் மேல் கொக்கியை மாட்டினால், பிளாக்கின் தலை சேனலுக்கு நடுவிலேயே ஒளிந்துகொள்ளும். 3 மீட்டர் இடைவெளியில் இந்த ஜோடி ஒரு டன்னுக்கு 2 மி.மீ. கூடத் தொய்யாது. இடைவெளியைப் பிளாக்கை அளந்த பிறகே முடிவு செய்யுங்கள்: கை செயின் சக்கரம் எந்தப் பக்கம் நீட்டுகிறது, அது சேனலில் உரசாமல் திரும்புமா என்று. இரண்டு சேனலும் பிரிந்து ஓடாதபடி முனைகளில் மேலும் கீழும் பட்டைப் பிளேட் வேண்டும்.

எந்தத் தூக்கி

டிராலியும் பிளாக்கும் ஒரே உடலாக வரும் லோ-ஹெட்ரூம் வகை ஒன்று உண்டு. அதில் கொக்கிக்குக் கொக்கி மாட்டும் இடம் இல்லை. செயின் பக்கவாட்டில் ஓடும் உருளைகள் வழியாக வருவதால் கீழ்க் கொக்கி பீமின் அடிக்கு மிக நெருங்கி ஏறும். தனி டிராலி, தனி பிளாக் சேர்க்கையோடு ஒப்பிட்டால் 100 முதல் 200 மி.மீ. வரை கிடைக்கும். விலை கூட. உயரத்தைக் கொடுத்துவிட்டு அகலத்தை எடுத்துக்கொள்ளும்: உடல் பீமின் வழியே நீண்டு கிடப்பதால் பீமின் இரு முனையிலும் கொக்கி போக முடியாத தூரம் அதிகம். குறுகலான கடையில் லேத்தின் டெயில்ஸ்டாக்குக்கு மேல் கொக்கி வராமல் போகலாம். வாங்கும் முன் கேட்டலாக்கில் அந்த முனைத் தூரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவர் பிளாக் கைக்கு அடக்கமானது, 750 கிலோவிலும் ஒன்றரை டன்னிலும் கிடைக்கும், சாய்த்தும் இழுக்கலாம். ஆனால் கைப்பிடி ஆடுவதற்குச் சுற்றிலும் இடம் வேண்டும், அதை ஆட்டுகிறவர் சுமைக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாழ்ந்த கூரையில் அது அவர் முகத்துக்கு நேரே வேலை செய்யும். கப்ளிங் இழுத்துச் சேர்க்க, ஷாஃப்ட்டை ஒரு நூல் இரண்டு நூல் நகர்த்த இதைப்போல் இன்னொன்று இல்லை. தினப்படி ஏற்றி இறக்க வேண்டாம்.

சிங்கிள் பேஸில் ஓடும் மினி ரோப் ஹாய்ஸ்ட் இப்போது ஆன்லைனில் மலிவாக வருகிறது. பெட்டியில் 500 கிலோ என்று எழுதியிருக்கும். அது கூடவே தரும் உருளையை மாட்டி ரோப்பை இரட்டையாக்கினால்தான். ஒற்றை ரோப்பில் 250. உருளையையும் மாட்டினால் ஹெட்ரூம் இன்னும் போகும். மேலே போனதும் நிறுத்தும் ஸ்விட்சைத் தட்டும் கையும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். பத்தடித் தளத்துக்கு இது சரிப்படாது.

எலக்ட்ரிக் செயின் ஹாய்ஸ்ட் நல்லது, உயரமும் குறைவாகவே எடுக்கும், ஒரு டன் மாடல்கள் பொதுவாக மூன்று பேஸ் கேட்கும். இதில் ஒரு சங்கதி கூரை உயர்ந்த இடத்தில் வராது, இங்கே தினமும் வரும். உயரம் போதாததால் ஒவ்வொரு தடவையும் கொக்கியை உச்சி வரை ஏற்றி லிமிட்டில் முட்டவிடுவார்கள். மேல் லிமிட் என்பது தப்பித்தவறிப் போனால் காப்பாற்றுவதற்கு வைத்தது, தினசரி நிறுத்தத்துக்கு வைத்ததல்ல. கிளட்ச் வகையில் முட்டி முட்டிக் கிளட்ச் தேய்ந்து சுமை நழுவும். கை பிளாக்கில் செயின் கைடு வளைந்து, செயின் முறுக்கிக்கொண்டு சக்கரத்தில் ஏறும். அதனால்தான் மேலே போட்ட கணக்கில் உச்சிக்குக் கீழே குறைந்தது 50 மி.மீ. மிச்சம் இருந்தால்தான் 'பொருந்துகிறது' என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிராலி வாங்கும்போது பீமின் அகலத்தோடு அதன் உள்பக்கச் சரிவையும் சொல்லுங்கள். ஐ.எஸ்.எம்.பி. பீமின் உதடு, அதாவது சக்கரம் ஓடும் அடிப்பலகை, சரிவானது. மட்ட உதட்டுப் பீமுக்குச் செய்த சக்கரம் அதில் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்து உதட்டில் கோடு போடும். 150 பீமின் உதடு 75 அல்லது 80 மி.மீ., 200 பீமுக்கு 100. சக்கர விளிம்புக்கும் உதட்டுக்கும் பக்கத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. சந்து வரும்படி வாஷரை உள்ளும் வெளியும் மாற்றிப் போட வேண்டும், இரு பக்கமும் சமமாக. சந்து அதிகமானால் ஒரு சக்கரம் உதட்டின் நுனியில் தொங்கும். பீமின் இரு முனையிலும் தடுப்பு போல்ட் இல்லாமல் டிராலியை ஏற்றவே கூடாது.

மேலிருந்து தூக்காமலே

பல வேலைகளுக்குக் கூரையே தேவையில்லை. லேத்தின் கனமான நாலு தாடைச் சக்கைக் கழற்றி மாட்ட ஒரு சிசர் டேபிளும், சக்கின் வளைவுக்குச் செதுக்கிய மரக்கட்டையும் போதும். டேபிளை உருட்டி ஸ்பிண்டில் உயரத்துக்குப் பம்ப் அடித்து, நேராகத் தள்ளி மாட்டலாம். தலைக்கு மேல் எதுவும் தொங்கவில்லை, இரண்டு பேர் வயிற்றில் அணைத்துத் தூக்கவும் இல்லை. கை ஸ்டாக்கர் என்றால் 1.6 மீட்டர் வரை ஏற்றும் ஒற்றை மாஸ்ட் வகை எடுங்கள். அதன் மாஸ்ட் இரண்டு மீட்டர் உயரத்தில் அப்படியே நிற்கும், ஏற்றினாலும் வளராது. மூன்று மீட்டர் ஏற்றும் இரட்டை மாஸ்ட், ஏற ஏறத் தளத்தில் முட்டும்.

எஞ்சின் தூக்கும் ஹைட்ராலிக் ஃப்ளோர் கிரேனைப் பற்றிக் கடையில் சொல்லாத இரண்டு சங்கதி. முதலாவது, கையின் நீளத்தைப் பொறுத்து தாங்கும் எடை மாறும்: உள்ளே இழுத்த நிலையில் ஒரு டன் என்றால் முழுக்க நீட்டிய நிலையில் கால் டன். லேத் நடுவுக்கு எட்ட வேண்டுமானால் நீட்டித்தான் ஆக வேண்டும், அப்போது அது கால் டன் கிரேன். இரண்டாவது, கை வட்டமாக ஏறுகிறது. நுனி மட்டத்தைத் தாண்டி மேலே போகப் போகப் பின்னால் வரும். அதனால் தூக்கும்போது சுமை உங்கள் பக்கம் ஊசலாடும், கிரேனையும் கூடவே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதன் கால்கள் மெஷின் அடியில் நுழைய வேண்டும், காஸ்ட் அயர்ன் பெட்டிக் காலுள்ள லேத்தில் நுழையாது. நம் ஊரில் கடப்பா கல் போட்ட தரை நிறைய. சுமையோடு முன் சக்கரம் இரண்டிலும் அரை அரை டன் இறங்கும்போது, கல்லுக்கு அடியில் மணல் வெறுமையாக இருந்தால் கல் நடுவில் வெடிக்கும், சக்கரம் சந்தில் விழும், கிரேன் பக்கவாட்டில் சாயும். ஓடும் பாதையில் மட்டுமாவது கல்லைப் பெயர்த்துக் கான்கிரீட் போடுங்கள், இல்லை 6 மி.மீ. செக்கர்டு பிளேட் விரியுங்கள்.

கார் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வரி: பத்தடித் தளத்தின் கீழ் ஒன்றரை மீட்டர் உயரக் காரை, ஆள் நிமிர்ந்து நிற்க ஏற்ற முடியாது. ஒரு மீட்டர் அளவில் நிற்கும் மிட்-ரைஸ் சிசர் லிஃப்ட்டும் உருளும் ஸ்டூலும்தான் வழி.

ஷட்டரை மறந்துவிடக் கூடாது. சுருட்டிய ஷட்டர் வாசலுக்கு மேல் உள்பக்கமாக ஒரு அடிக்கும் மேல் தொங்கும். உள்ளே எவ்வளவு உயரம் சம்பாதித்தாலும் ஐ-பீம் அந்த உருளையைத் தாண்டி வெளியே போகாது. லாரியைப் பின்பக்கமாக உள்ளே விட முடியாத கடையில், தூக்கி இறக்குவது உள்ளே, வாசல் தாண்டுவது பாலட் டிரக்கில், வண்டியில் ஏற்றுவது வெளியே என்று வேலையை மூன்றாகப் பிரித்துத் திட்டமிட வேண்டும். ஐ-பீம் பாதையில் இருக்கும் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு சுவர் ஃபேனுக்கு மாறுங்கள். வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் மே மாதம் தள்ள முடியாது என்பது தெரிந்ததுதான். அதற்காக இறக்கைக்கு நடுவில் கை செயினை விட முடியுமா?

மாட்டிய பிறகு

மூன்று மீட்டர் லிஃப்ட்டுக்கு வரும் கை செயின் இந்தக் கூரையில் தரையில் புரளும், காலில் மாட்டும், சுருள் சீவலில் சிக்கும். இணைப்புக் கண்ணியைத் திறந்து, தரைக்கு அரை மீட்டர் மேலே நிற்கும்படி கண்ணிகளை எடுத்துவிடலாம். முறுக்கு விழாமல் சேர்க்க வேண்டும். சுமைச் செயினை மட்டும் வெட்டாதீர்கள், மிச்சத்துக்குச் செயின் பை மாட்டுங்கள்.

சுமைச் செயினுக்கு எண்ணெய் வேண்டும். உள்ளே இருக்கும் பிரேக் டிஸ்கில் ஒரு சொட்டும் படக் கூடாது. பிளாக் கனமாக ஓடுகிறது என்று மூடியைத் திறந்து கிரீஸ் அடைத்துவிடுவார்கள். சுமை தானாக இறங்கும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கிரீஸ், அடுத்து ராட்செட் பாவல் ஸ்பிரிங். தோல் ஷாப்பு பிக்கிளிங் பக்கம் தொங்கும் பிளாக்கில் இன்னொரு வில்லங்கம்: அமில ஆவி படும் இடத்தில் கடினமாக்கிய அலாய் செயின் வெளியே லேசாகத் துருப்பிடித்தது போலத்தான் இருக்கும், உள்ளே நொறுங்கும் தன்மைக்கு மாறியிருக்கலாம். துருவை அமிலத்தில் முக்கி எடுப்பதும், கால்வனைஸ் செய்வதும் அதே கேட்டைக் கையால் செய்வதற்குச் சமம். வேலை முடிந்ததும் கழற்றி உலர்ந்த இடத்தில் மாட்டுங்கள்.

செயின் தேய்மானத்துக்கு வெர்னியர் போதும். 6 மி.மீ. கம்பி, 18 மி.மீ. பிட்ச் செயினில் 11 கண்ணி சேர்ந்து புதிதில் 198 மி.மீ. அது 204-ஐத் தொட்டால் மூன்று சதவீதம் நீண்டுவிட்டது, செயினை மாற்ற வேண்டும். கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில் கம்பி பத்தில் ஒரு பங்கு மெலிந்திருந்தாலும் அப்படியே. தாழ்ந்த கூரையில் தூக்கும் உயரம் குறைவு என்பதால் ஒரே ஒன்றரை மீட்டர் துண்டுதான் திரும்பத் திரும்பச் சக்கரத்தில் ஏறி இறங்கும். அளவை அந்தத் துண்டில் எடுங்கள். ஓரத்தில் புத்தம் புதிதாகக் கிடக்கும் கண்ணிகளை அளந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதக் கூடாது. கொக்கி வாயை வாங்கிய அன்றே அளந்து பீம் தூணில் பெயின்ட்டால் எழுதி வைத்தால், அது விரியத் தொடங்குவது பிறகு தெரியும். ஐந்து சதவீதம் கூடியிருந்தால் கொக்கியை மாற்ற வேண்டும். சூடுகாட்டி வளைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவரக் கூடாது.

தூக்கும் சாமான்களைத் தகுதியுள்ளவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முழுக்கப் பரிசோதிக்க வேண்டும், பாதுகாப்பான சுமையை அதன் மேலேயே எழுத வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு விதித்தது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறை அந்தச் சட்டத்துக்குள் வராமல் போகலாம். செயினுக்கு அது தெரியாது.

புதிதாக மாட்டிய அன்று, சுமையைத் தரையிலிருந்து நாலு இஞ்சு மட்டும் தூக்கி நிறுத்துங்கள். அடியில் கட்டை இருக்கட்டும், கை கால் வேண்டாம். செயினில் பிளாக்கை ஒட்டிய ஒரு கண்ணிக்குச் சாக்பீஸ் அடையாளம் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்கள். அடையாளம் பிளாக்கை விட்டு இறங்கியிருந்தால் கோளாறு பிரேக்கில். அடையாளம் அப்படியே இருந்து சுமை மட்டும் கட்டையை நெருங்கியிருந்தால், பிளாக்கை விட்டுவிட்டுத் தூணின் அடிக்குப் போய் ஆங்கர் நட்டுகளைப் பாருங்கள்.